அஞ்சு கிளாஸுக்கு ஒரு பெட்டி!

'கிளாஸ்' என்றதும் நாம் வழக்கமாகக் கட் அடிக்கிற கிளாஸை நினைத்துவிடாதீர்கள். இது கண்ணாடி கிளாஸ். அதிலும், ஒயின் கிளாஸ்! உடனே விசில் அடிக்க வேண்டாம். எனக்கு இப்போதுதான் 20. தமிழ்நாட்டுச் சட்டப்படி அந்தக் கடை கவுன்டருக்குப் போகவே இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

மேட்டர் இதுதான். என் தாத்தா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர். 1979-ல் அங்கே ஒரு மெஷினைப் பொருத்த ஜெர்மனியிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்தாராம். மூணு மாசம் தாத்தாவோடு சேர்ந்து கிரீஸில் குளித்துவிட்டு, ஊருக்குக் கிளம்பும்போது ஆறு ஒயின் கிளாஸைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். கொடுத்தது யாரிடம்? மோரைத் தவிர வேறு எதையும் குடிக்காத மனிதரிடம்! ஆனாலும் தாத்தா அதை வீணாக்கவில்லை. வருஷா வருஷம் பொங்கலன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில்தான் ரோஸ் மில்க். காம்பைப் பிடித்துக்கொண்டு, கெத்தாகக் குடிப்போம்.

போன வருஷம் தாத்தா போய்விட்டார். பெங்களூரில் இருக்கிற அத்தை நகை, நட்டு என்று எதையும் கேட்கவில்லை. "அண்ணா, அப்பாவோட அந்த கிளாஸுங்களை மட்டும் எனக்குக் குடுத்துடு" என்றார் போனில். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "மெக்கானிக்கல்தானே படிக்கிற? உடையாம கொண்டுபோய் சேர்த்துடு, பார்க்கலாம்!"

வீட்டில் இருந்தது ஆறு இல்லை, அஞ்சு. ஆறாவது என்ன ஆச்சு என்று அப்புறம் சொல்கிறேன். இப்போதைக்கு, அந்தப் பெட்டி வேட்டைக்கு என்னோடு வாருங்கள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று நம்ம மேற்குச் சென்னையை ஒரு ரவுண்டு அடித்த கதை.

ஒரு பெட்டியா? ஐந்நூறு சொல்லுங்க!

ஆன்லைனில் முதலில் தேடினேன். ஃபோமில் குழி வெட்டிய சூட்கேஸ் எல்லாம் இருக்கிறது. விலையைப் பார்த்துவிட்டு மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தக் காசுக்குப் புது கிளாஸே ரெண்டு டஜன் வாங்கலாம்.

சரி, நம்ம ஏரியாவில் இல்லாத பெட்டியா? ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் அன்னனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், அடுத்து பட்டரவாக்கம். இறங்கினால் எஸ்டேட். 1964-ல் உருவான தொழிற்பேட்டை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் கம்பெனிகள். உள்ளே நடந்து பாருங்கள்... ஒரு கேட்டில் லேத் சத்தம், அடுத்த கேட்டில் பெயின்ட் வாசனை, அதற்கடுத்த கேட்டில் ஐ.டி. கார்டு மாட்டிய கூட்டம். எல்லா வாசலிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: லாரியில் ஏறுவதற்கு வரிசையாக நிற்கும் அட்டைப் பெட்டிகள்!

பெட்டி செய்கிற யூனிட் ஒன்றில் நுழைந்தேன். ஒரு பக்கம் பெரிய பேப்பர் உருளை. பல் வைத்த ரெண்டு ரோலருக்கு நடுவே பேப்பர் போனால், நெளி நெளியாக வெளியே வருகிறது. அதற்கு மேலேயும் கீழேயும் தட்டைப் பேப்பர் ஒட்டினால் 'த்ரீ ப்ளை'. இன்னொரு நெளி, இன்னொரு தட்டை சேர்ந்தால் 'ஃபைவ் ப்ளை'. மேனேஜர் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தனை வேணும்?"

"ஒண்ணு சார்."

"ஒண்ணுன்னா... ஒரு லோடா?"

"ஒரே ஒரு பெட்டி சார். அஞ்சு கிளாஸ் வைக்கணும்."

பக்கத்தில் பசை தடவிக்கொண்டிருந்த அக்கா சிரித்தே விட்டார். ஆனால், மேனேஜர் சிரிக்கவில்லை. "தம்பி, உள்ளே தடுப்பு வெச்ச பெட்டின்னா, அதுக்கு அளவு போட்டு மெஷினை செட் பண்ணணும். ஒண்ணு பண்ணாலும் அதே வேலை, ஐந்நூறு பண்ணாலும் அதே வேலை. மினிமம் ஐந்நூறு" என்றார். நியாயம்தான். உற்பத்தி வாத்தியார் செமஸ்டர் முழுக்க நடத்தியது ரெண்டு நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

இங்கே ஒரு சுவாரஸ்யம் சொல்லியே ஆக வேண்டும். இந்த நெளிப் பேப்பருக்கு 1856-ல் இங்கிலாந்தில் முதலில் காப்புரிமை வாங்கியது எதற்குத் தெரியுமா? உயரமான தொப்பிக்குள் வைக்க! தொப்பி விறைப்பாக நிற்கவும், வியர்வையை உறிஞ்சவும். அதற்கப்புறம் 1871-ல் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர்தான் இதைச் சரக்குக் கட்டக் காப்புரிமை வாங்கினார். என்ன சரக்கு? கண்ணாடி பாட்டில், விளக்குச் சிம்னி மாதிரி உடையக்கூடிய ஐட்டங்கள். அதாவது, இன்று டி.வி. முதல் தக்காளி வரை வந்து இறங்கும் அட்டைப் பெட்டியின் பரம்பரைத் தொழிலே கண்ணாடியைக் காப்பாற்றுவதுதான். நான் சரியான இடத்துக்குத்தான் வந்திருந்தேன்!

கிளம்பும்போது மேனேஜர் கூப்பிட்டார். பிரின்ட் கோணலாகி ஒதுக்கிப் போட்ட ஒரு ஃபைவ் ப்ளை பெட்டியைத் தட்டையாக மடித்துக் கையில் கொடுத்தார். "இது வெளிப் பெட்டி. உள்ளே தடுப்பு போட்ட சின்னப் பெட்டி ஒண்ணு வேணும். பழைய அட்டைக் கடையில கேளு." காசு வாங்கவில்லை.

ஃபுல்லா, ஆஃபா, குவார்ட்டரா?

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் பழைய பேப்பர் கடை. அண்ணன் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உள்ளே தடுப்பு வெச்ச பெட்டி இருக்கா?"

"ஃபுல்லா, ஆஃபா, குவார்ட்டரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன். தெரிந்தவர்கள் யாருமில்லை. அண்ணன் கூலாக விளக்கினார். மதுபாட்டில் வரும் பெட்டிகளில்தான் பாட்டிலுக்குப் பாட்டில் அட்டைத் தடுப்பு இருக்கும். குவார்ட்டர் பெட்டியில் 48 அறை. ஆஃப் பெட்டியில் 24. ஃபுல் பெட்டியில் 12. சரக்கு இறங்கியதும் காலிப் பெட்டிகள் எடைக்கு வந்துவிடும்.

பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். (இன்ஜினீயரிங் படித்து முதல்முறையாக உருப்படியாக உபயோகித்தது இதற்குத்தான்.) தாத்தாவின் கிளாஸ் அந்தக் காலத்துச் சின்ன சைஸ். வாய்க்குக் கீழே அகலமான இடம் 70 மி.மீ., உயரம் 17 செ.மீ. கடையிலிருந்த ஃபுல் பெட்டியின் அறை 80 மி.மீ., உயரம் 30 செ.மீ. ஆக, கிளாஸைச் சுற்றி 5 மி.மீ. இடம், மேலும் கீழும் சேர்த்து 13 செ.மீ. இடம். தாராளம்! இப்போது கடைகளில் வரும் பெரிய வயிற்று ஒயின் கிளாஸ் என்றால் இந்த அறைக்குள் இறங்கியே இருக்காது. நீங்கள் முயற்சி செய்வதாக இருந்தால், பெட்டி வாங்குவதற்கு முன்னால் கிளாஸை அளந்துவிடுங்கள்.

இருபது ரூபாய்தான். ஆனால், அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்ததுதான் கொடுமை. நாலு பக்கமும் பிராண்ட் பெயர் கொட்டை எழுத்தில்! எதிரே உட்கார்ந்திருந்த ஆன்ட்டி, "படிக்கிற பையனாட்டம் இருக்க..." என்று ஆரம்பித்தார். "காலிப் பெட்டி ஆன்ட்டி" என்றேன். "அதுக்குள்ள காலியா?" என்றார். பேச்சே வரவில்லை எனக்கு.

டாங்க் ஊரில் ஒரு பாடம்

ஆவடி என்றால் எல்லோருக்கும் டாங்க் ஞாபகம் வரும். 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் 'விஜயந்தா' டாங்க் வெளியே வந்தது. அப்புறம் அர்ஜுன் வரைக்கும் இங்கேதான். எங்கள் தெருவிலேயே அந்த ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர்டான தாத்தா ஒருவர் இருக்கிறார். மொட்டை மாடியில் பெட்டியும் கையுமாக நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

நான் என் பிளானைச் சொன்னேன். "பெட்டி செம ஸ்ட்ராங்கா இருக்கணும் தாத்தா. ஃபைவ் ப்ளைக்கு மேல பிளைவுட் அடிச்சிடலாமான்னு..."

அவர் தலையாட்டினார். "டாங்க்கை விட ஸ்ட்ராங்கா ஒரு பெட்டி பண்ண முடியுமாப்பா? அதுக்குள்ள இருக்கிற கருவியை அப்படியே இரும்போட சேர்த்து முடுக்கினா என்ன ஆகும்? ஒரு பள்ளத்துல எறங்கி ஏறினா போதும், காலி. நடுவுல ரப்பர் இருக்கணும். இரும்பு வெளியிலேருந்து வர்றதைத் தடுக்கும். அதிர்ச்சியைத் தடுக்காது. அதை வாங்கிக்க மெத்துன்னு ஒண்ணு வேணும்."

முதல் வருஷ ஃபிசிக்ஸ் ஞாபகம் வந்தது. 50 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுகிறது. தரையில் மோதி 1 மி.மீ. தூரத்துக்குள் நின்றால், சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 500 மடங்கு அடி வாங்குகிறது. அதே பொருள் ஒரு மெத்தையை 25 மி.மீ. அழுத்திக்கொண்டு நின்றால்? வெறும் 20 மடங்கு! உயரத்தை, நிற்கும் தூரத்தால் வகுத்தால் போதும். கணக்கு அவ்வளவு சிம்பிள். நல்ல பெட்டி என்பது கெட்டியான பெட்டி இல்லை. உள்ளே இருப்பதற்கு நிதானமாக நிற்க டைம் கொடுக்கிற பெட்டி.

கண்ணாடிக்கு மட்டும் ஏன் இத்தனை செல்லம்? 1921-ல் கிரிஃபித் என்ற இங்கிலாந்து இன்ஜினீயர் சொன்ன காரணம் இதுதான்: கண்ணாடியின் மேல்பரப்பில் கண்ணுக்கே தெரியாத கீறல்கள் இருக்கும். இழுவை வரும்போது அந்தக் கீறலின் நுனியில்தான் மொத்த பாரமும் குவியும். கீறல் ஓட ஆரம்பித்தால் இரும்பு மாதிரி வளைந்து கொடுக்கத் தெரியாது. டமால்தான். ஒயின் கிளாஸில் அந்த டமால் ஸ்பாட், காம்பு. மேலே கனமான கிண்ணம், கீழே தட்டு, நடுவில் பென்சில் தடிமனில் ஒரு குச்சி. கிண்ணம் ஒரு பக்கம் ஆட, தட்டு இன்னொரு பக்கம் மாட்டிக்கொண்டால், வளைவது முழுக்கக் காம்புதான்.

பாத்திரக் கடையில் சாதா கிளாஸ் மூணு வாங்கி, டெஸ்ட் வைத்தேன். பேப்பரில் சுற்றி மூணு அறையில் வைத்து, மற்ற அறைகளைக் காலியாக விட்டு, இடுப்பு உயரத்திலிருந்து பெட்டியைப் போட்டேன். 'ச்சிலிங்!' ரெண்டு அவுட். திறந்து பார்த்தால், காலி அறைகள் பக்கம் தடுப்பு அட்டை மடங்கிப்போய், ரெண்டு கிளாஸும் ஒன்றோடு ஒன்று மோதியிருந்தன. தாத்தா சொன்னார்: "கிளாஸை மட்டும் சுத்தின, சரி. காலி இடத்தை விட்டுட்டியே. ஆடுறதுக்கு இடம் குடுத்தா, உடையறதுக்கும் இடம் குடுத்த மாதிரிதான்."

மறுபடி ரெண்டு கிளாஸ் வாங்கினேன். எல்லா அறையிலும் பேப்பர் திணித்தேன். போட்டேன். மூணும் முழுசாக இருந்தது. இன்னும் ரெண்டு தடவை போட்டேன். இருந்தது! மாடியில் நானும் தாத்தாவும் கைதட்டிக்கொண்டதைக் கீழ்வீட்டு அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பூந்தமல்லியில் முட்டை வைத்தியம்

பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்க பூந்தமல்லிக்குப் போக வேண்டும். ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு ஏரி, கோவர்த்தனகிரி, காடுவெட்டி என்று போகும் அந்த ரோட்டில் நீங்கள் பயணம் செய்திருந்தால், என் கவலை புரியும். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் எனக்கு ஒரு வைவா! அதனால் சாமான்களோடு முன்கூட்டியே போய், பூந்தமல்லியில் இருக்கிற ஃப்ரெண்ட் வீட்டில் வைத்து ஃபைனல் பேக்கிங் செய்வது என்று முடிவு. கிளாஸ்களை மட்டும் ஆளுக்குக் கொஞ்சமாகத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே போனோம்.

பூவிருந்தவல்லி என்ற அழகான பெயர்தான் தேய்ந்து பூந்தமல்லி ஆகியிருக்கிறது. திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். அந்தப் பெயருக்கேற்ற பூ வாசனையைத் தேடினால் மெட்ரோ தூண்களும், டீசல் புகையும், 'காஞ்சிபுரம், வேலூர், பெங்களூர்' கூவலும்தான் வரவேற்கும். அந்தக் களேபரத்துக்கு நடுவே, ஒரு முட்டைக் கடை என் கண்ணில் பட்டது.

யோசித்துப் பாருங்கள்... நாமக்கல்லிலிருந்து லாரியில் 350 கிலோமீட்டர் குலுங்கி வருகிறது முட்டை. அதைச் சுமந்து வருவது என்ன? பழைய பேப்பரைக் கூழாக்கி வார்த்த, 30 குழி உள்ள ஒரு தட்டு! பெட்டியில் வந்தால் ஏழு தட்டு, 210 முட்டை. குழிக்குள் முட்டை சிக்கென்று உட்கார்ந்துவிடுகிறது. அடி விழுந்தால் தட்டு நசுங்கி வாங்கிக்கொள்கிறது. ஆவடித் தாத்தா சொன்ன ரப்பரும், என் ஃபிசிக்ஸ் கணக்கும் ரெண்டுமே இதற்குள் இருக்கிறது!

"அண்ணே, காலித் தட்டு ஒரு பத்து கிடைக்குமா?" கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே கேட்டார்: "கோழி வளர்க்கிறியா?"

ஃப்ரெண்ட் வீட்டு ஹாலில் ஆபரேஷன் ஆரம்பம். 12 அறையில் செஸ் போர்டு மாதிரி ஒன்று விட்டு ஒன்று எடுத்தால், கிளாஸ் வைக்க ஆறு அறை கிடைக்கிறது. அஞ்சில் கிளாஸ் வைத்தேன். ஆறாவது அறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஃப்ரெண்ட், "என்னடா?" என்றான். "ஒண்ணுமில்ல" என்று அதிலும் பேப்பரைத் திணித்தேன்.

பெட்டிக்குள் பெட்டி: நீங்களும் செய்யலாம்

* காம்பில் ஆரம்பியுங்கள். மெல்லிய ஃபோம் ஷீட்டைக் காம்பைச் சுற்றிச் சுற்றி, கிண்ணத்தின் அகலம் வரும்வரை நிரப்புங்கள். இறுக்க வேண்டாம். கிளாஸ் பார்க்க ஒரு உருளை மாதிரி ஆகிவிட வேண்டும்.

* கிண்ணத்துக்குள் மெல்லிய பேப்பரைத் தளர்வாகக் கசக்கி வையுங்கள். அமுக்கித் திணித்தால், உள்ளிருந்தே உடையும்.

* நியூஸ் பேப்பரின் மை கண்ணாடியில் ஒட்டும். முதல் சுற்றுக்கு வெள்ளைப் பேப்பர் அல்லது ஃபோம். அதற்கு மேல் நியூஸ் பேப்பர்.

* பபுள் ஷீட் என்றால், அதன் குமிழ்ப் பக்கம் கிளாஸைப் பார்த்து இருக்கட்டும். (1957-ல் அமெரிக்காவில் ரெண்டு பேர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்யப் போய், தற்செயலாகப் பிறந்ததுதான் இந்த பபுள் ஷீட். வெடித்து விளையாடி வீணாக்காதீர்கள்!)

* கிளாஸை நிற்க வையுங்கள். படுக்க வைத்தால், ஒவ்வொரு குலுக்கலும் பக்கவாட்டில் இறங்கும்.

* உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே ஆறு பக்கமும் 5 செ.மீ. இடம் விட்டு, வெட்டிய முட்டைத் தட்டோ கசக்கிய பேப்பரோ வையுங்கள்.

* மூடியதும் ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால், வேலை இன்னும் முடியவில்லை.

ஆறாவது கிளாஸ்

ராத்திரி பத்தரைக்கு பஸ். கண்டக்டர், "தம்பி, பெட்டியை டிக்கியில போடு" என்றார். "கண்ணாடிண்ணே" என்றேன். ஒரு விநாடி யோசித்துவிட்டு, "அப்ப மடியிலயே வெச்சுக்க" என்று போய்விட்டார்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது முழித்திருந்தேன். அங்கே 2000-லிருந்து செயின்ட் கோபைன் கம்பெனியின் கண்ணாடித் தொழிற்சாலை ஓடுகிறது. உருகிய தகரத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு, ஆடாமல் அசையாமல் ஆறவைத்துத் தகடாக எடுக்கிறார்கள். கண்ணாடி பிறக்கும்போதே நிதானம் கேட்கிறது. என் மடியில் இருந்த அஞ்சு கண்ணாடிகளோடு அந்த ஊரைக் கடந்தபோதுதான் ஆறாவது ஞாபகம் முழுசாக வந்தது.

2018. அம்பத்தூர் ஓ.டி.-யிலிருந்து ஆவடிக்கு வீடு மாறினோம். எனக்கு 13 வயசு. மினி லாரியில் டிரைவர் அண்ணன் பக்கத்தில் நான். ஆறு கிளாஸும் ஒரு அட்டைப் பெட்டியில், என் மடியில். தாத்தா என்னிடம்தான் நம்பிக் கொடுத்தார். பாதி வழியில் மொபைலில் கேம் ஆடுவதற்காகப் பெட்டியைக் கீழே இறக்கி, காலை அதன் மேல் வைத்துக்கொண்டேன். ஆவடியில் இறங்கித் திறந்தால், ஒன்று உடைந்திருந்தது. "டிரைவர்தான் குதிக்க விட்டுட்டாரு" என்று சொன்னேன். அப்பா சத்தம் போட்டு, வாடகையில் 200 ரூபாய் பிடித்துக்கொண்டார். அந்த அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. போய்விட்டார்.

காலையில் பெங்களூர். அத்தை டேப்பைக் கிழித்து, முட்டைத் தட்டு, பேப்பர், ஃபோம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, அஞ்சு கிளாஸையும் டேபிளில் வரிசையாக வைத்தார். கீறல்கூட இல்லை. அவர் எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஏழு வருஷக் கதையை ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அத்தை ஃபோமைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "உங்க தாத்தாவுக்கு அன்னைக்கே தெரியும்டா. பெட்டி மேல உன் செருப்புத் தடம் இருந்துச்சாம். அடுத்த வாரமே அம்பத்தூர் ஸ்டாண்டுக்குப் போயி, அந்த டிரைவரைத் தேடிப் பிடிச்சு, 200 ரூபாயைக் குடுத்துட்டு வந்தாரு. 'பையன் ஒருநாள் தானா சொல்லுவான், அதுவரைக்கும் யாரும் கேக்காதீங்க'ன்னு எங்கிட்ட சொன்னாரு."

என்னை எந்தப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் எதைத் திணித்துப் பத்திரமாக வைத்திருந்தார் தாத்தா என்று அப்போதுதான் புரிந்தது.

அன்றைக்குப் பொங்கல் இல்லை. ஆனாலும் ரோஸ் மில்க் குடித்தோம், காம்பைப் பிடித்துக்கொண்டு.

வெளிப் பெட்டியைப் பத்திரமாகத் தட்டையாக மடித்து ஆவடிக்கே கொண்டு வந்துவிட்டேன். யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, ஃப்ரீ. ஆனால், இந்தச் சனிக்கிழமை மட்டும் கேட்காதீர்கள். அம்பத்தூர் ஓ.டி. மினி லாரி ஸ்டாண்டுக்குப் போகிறேன். தாத்தா பணத்தைத்தான் கொடுத்துவிட்டு வந்தார். ஸாரி பாக்கி இருக்கு.